காஸ்ட் அயர்ன் புல்லட் 350: பிளாக் மேம்படுத்தும் வேலை, அளவெடுப்பதிலிருந்து ரன்னிங் இன் வரை

ராயல் என்ஃபீல்டின் பழைய புல்லட் 350-ஐ எல்லோரும் "காஸ்ட் அயர்ன் இன்ஜின்" என்கிறோம். உண்மையில் அதன் கிராங்க் கேஸ் (அடியில் கிராங்க் சுழலும் கூடு) அலுமினியம், ஹெட்டும் (மேல் மூடி) அலுமினியம். வார்ப்பிரும்பில் இருப்பது இரண்டுக்கும் நடுவே நிற்கும் சிலிண்டர் மட்டும்தான். பட்டறைப் பேச்சில் அதற்குப் பெயர் பிளாக். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955 முதல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டணியால் நம் திருவொற்றியூருக்கு வந்த இந்த இன்ஜினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. கொள்ளளவு 346 சி.சி. காஸ்ட் அயர்ன் காலம் முடியும்வரை இந்த இரண்டு அளவும் மாறவில்லை. அதனால்தான் நாற்பது வருட வண்டிக்கும் இன்று பிளாக், பிஸ்டன், ரிங் கிடைக்கின்றன.

இந்தக் கட்டுரை முதல்முறை பிளாக்கைக் கழற்றப் போகிறவர்களுக்கானது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். பிளாக்கை மேம்படுத்துவது என்றதும் பெரும்பாலானவர்கள் சி.சி. கூட்டுவதைத்தான் நினைக்கிறார்கள். 70 மி.மீ. போரை 71 ஆக்கினால் கிடைப்பது 356 சி.சி. பத்து சி.சி., அதாவது மூன்று சதவீதம்கூட இல்லை. சீட்டில் உட்கார்ந்தால் அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் வட்டம் கெட்ட போரை வட்டமாக்கி, சரியான இடைவெளியில் நல்ல பிஸ்டன் போட்டு, சூடு ஓடுவதற்கு வழி செய்தால் அது முதல் கிக்கிலேயே காலில் தெரியும். இந்த இன்ஜினின் பலம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்களில் இருக்கிறது.

மூன்று வழிகள்

முதல் வழி, இருக்கிற இரும்பு பிளாக்கை ரீபோர் செய்து, அதாவது போரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது. 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று அளவுகள் வரும். கடையில் "இருபது சைஸ்" என்றால் 0.020 அங்குலம், ஏறக்குறைய 0.50 மி.மீ. செலவு குறைவு, பழைய பிளாக் கையிலேயே இருக்கும். புதிதாக வருபவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, அதே 70 மி.மீ. போரில், உள்ளே இரும்பு லைனர் (உட்குழாய்) வைத்த அலுமினிய பிளாக் போடுவது. அலுமினியம் வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் பக்கம் முன்னால் இருக்கிறது, காற்று நேரடியாக அடிக்கும். பிளாக்கின் பின்பக்கத்துக்கு அந்தக் காற்று சரியாகப் போய்ச் சேராது. இரும்பில் சூடு ஓரிடத்திலேயே தங்குவதால், குளிர்ந்திருக்கும்போது வட்டமாக இருக்கும் போர் ஓடும்போது லேசாக முட்டை வடிவமாகிவிடும். அலுமினிய உறையில் சூடு சுற்றிலும் பரவிவிடுவதால் வட்டம் நிலைக்கிறது. வெயிலில் நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு, மலைப்பாதையில் இரண்டு பேர் சுமையோடு ஏறுகிறவருக்கு இந்த வழி நிஜமான மேம்பாடு.

மூன்றாவது வழி 500 ஆக்குவது. 500-இன் ஸ்ட்ரோக்கும் 90 மி.மீ.தான், போர் மட்டும் 84. அதனால் "பிளாக்கை மட்டும் மாற்றினால் போதும்" என்று யாராவது சொல்வார்கள். போதாது. கிராங்க் கேஸின் வாய் 350-இல் சிறியது, அதைக் கடைந்து பெரிதாக்கினால் சுவர் மெலிந்துவிடும். ஹெட் வேறு. கார்ப்பரேட்டர் 24 மி.மீ.க்குப் பதில் 28 மி.மீ. வேண்டும். பெரிய பிஸ்டனின் எடைக்கு கிராங்க்கின் பேலன்ஸ் பொருந்தாது, ஹேண்டில் பாரில் அதிர்வாக வந்து நிற்கும். இத்தனைக்கும் மேலாக, ஆர்.சி. புத்தகத்தில் 346 சி.சி. என்று இருக்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிப்பது இதைத்தான். முதல் வேலையாக இதில் இறங்க வேண்டாம்.

பணம் கொடுப்பதற்கு முன் அளவெடுங்கள்

புகை வருகிறது என்பதற்காக மட்டும் பிளாக்கைக் கழற்றாதீர்கள். கொஞ்ச நாள் நிறுத்தி வைத்த புல்லட் ஸ்டார்ட் ஆனதும் குபுகுபுவென்று வெள்ளை கலந்த நீலப் புகை விட்டு, ஐந்து நிமிடத்தில் அடங்கினால் ரிங் போகவில்லை. ஆயில் அறையிலிருந்து பம்ப் வழியாக ஆயில் கிராங்க் பக்கம் இறங்கித் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆக்ஸிலேட்டரை மூடி இறக்கத்தில் வந்து மறுபடி திறக்கும்போது மட்டும் புகை வந்தால் வால்வ் கைடை (வால்வின் தண்டு ஓடும் குழலை) பாருங்கள். மேட்டில் இழுக்கும்போது விடாமல் புகை, கிக்கரில் ஏறி நின்றால் எதிர்ப்பு இல்லாமல் கால் மெதுவாக இறங்குவது, இரண்டும் சேர்ந்து இருந்தால் போர் தேய்ந்திருக்கிறது. கிக் செய்யும்போது அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரசர் வால்வ் சரியாக மூடவில்லை என்றாலும் கிக் இப்படித்தான் இறங்கும். கேபிளை ஒருமுறை தளர்த்திவிட்டுச் சோதியுங்கள்.

பிளாக் கையில் வந்த பிறகு போர் கேஜால் ஆறு அளவு எடுக்க வேண்டும். மேல் ரிங் வந்து திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நடுவில், அடியில் என்று மூன்று உயரம். ஒவ்வொரு உயரத்திலும் முன்பின்னாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மேலே முன்பின்னாக எடுக்கும் அளவுதான் எப்போதும் பெரிதாக இருக்கும். பவர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் பின்சுவரில் சாய்ந்துகொண்டு இறங்குவதுதான் காரணம். விரல் நகத்தை உள்சுவரில் கீழிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே நகம் ஒரு படியில் தட்டும். அந்தப் படிக்கு மேலே உள்ளது ரிங் தொடாத பழைய அளவு, கீழே உள்ளது தேய்ந்த அளவு. அதிகபட்சத் தேய்மானம் 0.20 மி.மீ.யைத் தொட்டால் ரீபோர் கட்டாயம். அதற்குக் கீழே, வட்டமும் கெடாமல் இருந்தால், லேசான ஹோனிங்கும் (கல்லால் உள்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) புது ரிங்கும் போதும்.

அடுத்த ஓவர்சைஸுக்குத் தாவாதீர்கள். 0.25-இல் தேய்மானம் போய்விடும் என்றால் 0.50 எதற்கு? ஒவ்வொரு படியும் பிளாக்கின் ஆயுளில் ஒரு பங்கு. 1.00-ஐத் தாண்டிவிட்டால் லைனர் அடிப்பது அல்லது புது பிளாக், இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும்.

இன்னொன்று முக்கியம்: பிஸ்டனை வாங்கிய பிறகுதான் ரீபோர். "இருபது சைஸ்" என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பிக் கடையக் கூடாது. பிஸ்டனையே கொண்டுபோய் மைக்ரோமீட்டரில், அடிப்பக்கம் ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ச்சுவரில்), பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோக்கும் தண்டுக்கு) குறுக்கான திசையில் அளந்து, அதன்மேல் இடைவெளியைக் கூட்டிக் கடைய வேண்டும். இடைவெளி பிஸ்டன் தயாரிப்பாளர் சொல்வதுதான். தாளில் ஒன்றும் எழுதவில்லை என்றால், இரும்பு பிளாக்கும் சாதாரண வார்ப்பு பிஸ்டனும் உள்ள 70 மி.மீ. போருக்கு 0.08 முதல் 0.10 மி.மீ. வரை பாதுகாப்பான எல்லை. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டனுக்கு இன்னும் கூடுதல் வேண்டும், அது அதிகமாக விரியும். இப்போது வரும் நீர் குளிர்ச்சி வண்டிகளுக்கு வைக்கும் 0.03, 0.04 கணக்கை இதற்கும் வைத்து "டைட்டா போட்டுத் தர்றேன்" என்று சொல்லும் கடையில் பிளாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். காற்றில் குளிரும் இந்த இன்ஜினில் டைட்டாகப் போட்ட பிஸ்டன் முதல் நீண்ட மேட்டிலேயே பிடித்துக்கொள்ளும்.

கையில் இருக்க வேண்டியவை

பிஸ்டன், பின், ரிங் செட், இரண்டு புது சர்க்லிப் (பின் நகராமல் பிடிக்கும் கம்பி வளையம்), ஹெட் பேக்கிங், பிளாக் அடி பேக்கிங், ராக்கர் கவர் பேக்கிங், டாப்பெட் கவர் பேக்கிங், எக்ஸாஸ்ட் பைப்புக்கான பேக்கிங். 20W50 மினரல் ஆயில், முதல் நிரப்புதலுக்கும் சீக்கிரமே வரப்போகும் இரண்டு மாற்றங்களுக்கும் சேர்த்துப் போதுமான அளவு. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்), வெர்னியர், ரிங் அமுக்கி. ஸ்பானர் விஷயத்தில் கவனம்: பழைய வண்டிகளில் பல நட்டுகள் விட்வொர்த், பி.எஸ்.எஃப். அளவுகள். மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்துவது போல உட்காரும், அழுத்தியதும் முனையைத் தின்றுவிடும். வெள்ளைப் பருத்தித் துணி நிறைய வேண்டும். நூல் பிரியும் பஞ்சு வேஸ்ட் வேண்டாம்.

கழற்றுதல்

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டின் நட்டைத் தளர்த்தினால் ஹெட் வளையும். வெளிப்புறம் முழுக்க டீசல் பிரஷ்ஷால் கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஃபின்களுக்கு (குளிர்விக்கும் வெளி மடிப்புகளுக்கு) நடுவே உள்ள மண் கிராங்க் கேஸுக்குள் விழுந்தால் புது போர் ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்காது.

பெட்ரோல் டேங்க், கார்ப்பரேட்டர், சைலன்சர் பைப், ஹெட் ஸ்டே (ஹெட்டை ஃபிரேமோடு பிடிக்கும் தகடு), டீகம்ப்ரசர் கேபிள், பிளக், ராக்கருக்கு ஆயில் போகும் பைப் என்று வரிசையாக எடுங்கள். ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) கவர்களைத் திறந்து, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குப் பிஸ்டனைக் கொண்டுவாருங்கள். இரண்டு வால்வும் மூடி, ராக்கரைக் கீழிருந்து தள்ளும் புஷ் ராட் இரண்டும் தளர்ந்திருக்கும். ராக்கரைத் தாங்கும் கட்டையை (ராக்கர் பிளாக்) கழற்றும்போது மேல் பாதியும் கீழ் பாதியும் ஜோடி மாறக்கூடாது, அவை சேர்த்தே கடையப்பட்டவை. எக்ஸாஸ்ட் ராக்கரை ஒரு டப்பாவிலும் இன்லெட்டை இன்னொன்றிலும் போடுங்கள். புஷ் ராடுகளை ஓர் அட்டையில் துளையிட்டு, எது எங்கே, எந்த முனை மேலே என்று எழுதிக் குத்தி வையுங்கள்.

ஹெட் நட்டுகளை ஒரே மூச்சில் கழற்றாமல், எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஹெட் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ஃபின்னுக்கு இடையே ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பக் கூடாது, ஃபின் உடைந்துவிடும். மரக்கட்டையை வைத்து போர்ட் அருகே லேசாகத் தட்டினால் விடும்.

இப்போது வலப்பக்கம், புஷ் ராடின் அடியில் உள்ள டாப்பெட்டுகளை மூடும் கவரைத் திறந்து உள்ளே பாருங்கள். பிளாக்கைப் பிடித்திருக்கும் நட்டு அந்த அறைக்குள் மறைந்திருக்கிறது. புதியவர்கள் இதை மறந்துவிட்டு, பிளாக் ஏன் வரவில்லை என்று நெம்பி அடி விளிம்பை உடைப்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் சேதம்.

பிளாக்கை இரண்டு அங்குலம் தூக்கியதும் நிறுத்துங்கள். பிஸ்டன் இன்னும் உள்ளேயே இருக்கும். கனெக்டிங் ராடைச் சுற்றி கிராங்க் கேஸ் வாயைத் துணியால் நன்றாக அடைத்துவிட்டுப் பிறகுதான் முழுக்கத் தூக்க வேண்டும். உடைந்த ரிங் துண்டோ சர்க்லிப்போ உள்ளே விழுந்தால் இன்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டியதாகிவிடும். பிஸ்டன் பின் இறுக்கமாக இருந்தால் கொதிநீரில் நனைத்த துணியைப் பிஸ்டனைச் சுற்றி இரண்டு நிமிடம் வையுங்கள், விரலால் தள்ளும் அளவுக்கு இளகிவிடும். சுத்தியலால் அடித்தால் அந்த அடி முழுவதும் கனெக்டிங் ராடுக்குத்தான் போகும்.

பிஸ்டன் வெளியே வந்ததும் ராடை உச்சியில் நிறுத்தி மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடுவது இயல்பு. மேல்கீழாக "டக்" என்று கையில் தட்டினால் பிக் எண்ட் (ராடின் அடிமுனை பேரிங்) போய்விட்டது. அதன்மேல் புது பிளாக் போடுவது பணத்துக்குக் கேடு, கம்ப்ரஷன் கூடியதும் அந்தப் பிக் எண்ட் இன்னும் சீக்கிரம் கையை விரிக்கும்.

ரீபோர் கடையிலிருந்து வந்த பிளாக்

கடையிலிருந்து வாங்கும்போதே மூன்றைப் பாருங்கள். அளவு: பிஸ்டனைத் தலைகீழாக, ரிங் இல்லாமல் போருக்குள் விட்டு, ஸ்கர்ட் பக்கம் நீள ஃபீலரை நுழையுங்கள். 0.08 நுழைந்து லேசாக இழுபட வேண்டும், 0.12 நுழையவே கூடாது. ஹோனிங்: சுவரில் குறுக்கும் நெடுக்குமாக, பாய் முடைந்ததுபோல் மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான். கண்ணாடி மாதிரி மின்னினால் ரிங் படியாது. மூன்றாவது, அடி விளிம்பு. கடைந்த பிறகு கத்தி போல் கூராக இருக்கும் அந்த விளிம்பைச் சாய்வாகத் தேய்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் ரிங் நுழையும்போது விளிம்பு அதைச் செதுக்கும்.

பிறகு கழுவுதல். எல்லோரும் அவசரப்படும் இடம் இது, புது போர் கெடுவதற்கு முதல் காரணமும் இதுதான். பெட்ரோலில் கழுவினால் ஆயில்தான் போகும், ஹோனிங் கல்லின் பொடி கோடுகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வெந்நீரும் துணி சோப்பும் எடுத்து, பாட்டில் பிரஷ்ஷால் நுரை வரத் தேய்க்க வேண்டும். நல்ல தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் துளி ஆயில் விட்டுச் சுவரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறும். மறுபடி சோப்பு, மறுபடி துணி. மூன்றாவது நான்காவது முறையில் துணி வெள்ளையாகவே திரும்பும், அப்போது நிறுத்துங்கள். உடனே ஆயில் தடவ வேண்டும். கடற்கரை ஊர்களில், ஈரக்காற்றில், கழுவிய இரும்பு காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் மஞ்சளாகத் துரு ஏறிவிடும்.

அலுமினிய பிளாக் வாங்கியவர்களுக்கும் இதே கழுவல்தான். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டலாம் என்று நினைக்காதீர்கள், வார்ப்பு மணல் ஆயில் வழிகளில் ஒட்டியிருக்கும். கூடுதலாகச் சில சோதனைகளும் உண்டு. பழைய பிளாக்கின் அடித்தளத்திலிருந்து மேல்தளம் வரை உயரத்தை வெர்னியரில் அளந்து, புதியதோடு ஒப்பிடுங்கள். அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் கம்ப்ரஷன் ஏறும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி சுருங்கும். பிளாக்கின் அடிக்கழுத்து கிராங்க் கேஸ் வாய்க்குள் கை அழுத்தத்திலேயே இறங்க வேண்டும். தட்டித்தான் இறங்கும் என்றால் லைனர் நெளிந்துவிடும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டாப்பெட் அறையிலிருந்து ஆயில் கீழே இறங்கும் துளை திறந்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். உயரத்தில் சந்தேகம் இருந்தால் பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து, ஹெட்டைப் பழைய பேக்கிங்கோடு மாட்டி, புஷ் ராட் பொருத்தி, கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். திறந்து களிமண்ணை வெட்டி, வால்வ் பதிந்த இடத்தின் கனத்தை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். இன்லெட் பக்கம் 1.5, எக்ஸாஸ்ட் பக்கம் 2 மி.மீ. மிஞ்ச வேண்டும்.

ரிங்கும் பிஸ்டனும்

ரிங் ஒவ்வொன்றையும் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் ஓர் அங்குலம் கீழே தள்ளுங்கள், அப்போதுதான் அது நேராக உட்காரும். வாய் இடைவெளியை ஃபீலரில் அளக்க வேண்டும்: 0.30 முதல் 0.40 மி.மீ. குறைவாக இருந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி, ரிங் உடையும் அல்லது போரைக் கீறும். மெல்லிய அரத்தால், வெளி முகத்திலிருந்து உள்நோக்கி மட்டும் இழுத்துச் சரிசெய்யுங்கள். 0.40-ஐக் கொஞ்சம் தாண்டினாலும் பயமில்லை, குறைவுதான் ஆபத்து.

எழுத்துப் பொறித்த பக்கம் மேலே வர வேண்டும். தலைகீழாகப் போட்ட ரிங் ஆயிலைக் கீழே வழிப்பதற்குப் பதில் மேலே ஏற்றிவிடும், புது இன்ஜின் புகைக்கும். அடியில் ஆயில் ரிங், மேலே கம்ப்ரஷன் ரிங்குகள், வாய்கள் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி.

பிஸ்டனில் அம்புக்குறி இருந்தால் அது எக்ஸாஸ்ட் பக்கம், அதாவது முன்னால். பழைய மாதிரி ஸ்கர்ட்டில் கீறல் உள்ள பிஸ்டன் என்றால் கீறல் முன்பக்கம் வர வேண்டும். சாய்ந்து தாங்குவது பின்பக்கம் என்று மேலே பார்த்தோம், அந்தப் பக்கம் முழு உலோகமாக இருக்க வேண்டும். சர்க்லிப் எப்போதும் புதியது. பள்ளத்தில் விழுந்ததும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுற்றித் தள்ளிப் பாருங்கள், இறுக்கத்தோடு சுழல வேண்டும். சரியாக விழாத சர்க்லிப் ஒருநாள் வெளியே வந்து போரின் பக்கச்சுவரில் ஆழமான வாய்க்கால் வெட்டும். அந்த பிளாக்கை அடுத்த ஓவர்சைஸ்கூடக் காப்பாற்றாது.

அடி பேக்கிங்கில் இருபுறமும் கிரீஸ் மெலிதாகத் தடவினால் போதும். சிலிக்கான் பசையைத் தாராளமாக அப்பினால் உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, உதிர்ந்து, ஆயில் வழியில் போய் அடைக்கும்.

போர், பிஸ்டன், ரிங் எல்லாவற்றிலும் ஆயில் தடவி, பிஸ்டனை இரண்டு மரக்கட்டைகளின் மேல் நிறுத்தி, பிளாக்கை நேராக இறக்குங்கள். ஒருவர் பிளாக்கைப் பிடிக்க, இன்னொருவர் ரிங்கை அமுக்க, இரண்டு பேர் செய்யும் வேலை இது. தடுத்தால் பலம் போடாமல் தூக்கிவிட்டு மறுபடி இறக்குங்கள். எல்லா ரிங்கும் உள்ளே போனபிறகுதான் துணியை உருவ வேண்டும். டாப்பெட் அறை நட்டை மறக்க வேண்டாம்.

ஹெட் மாட்டுவதற்கு முன் டைமிங்

ஹெட் மூடியபிறகு பிளக் துளை வழியாகக் கம்பி விட்டு டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பார்ப்பது வழக்கம். துளை சாய்வாக இருப்பதால் அந்த அளவு துல்லியமாக வராது. இப்போது பிஸ்டன் கண்முன்னே இருக்கிறது. வெர்னியரின் ஆழக் கம்பியை வைத்து உச்சியைக் கண்டுபிடித்து, சற்றுப் பின்னோக்கிப் போய், ஓடும் திசையிலேயே திருப்பி, உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் நிறுத்துங்கள். டாப்பெட் இரண்டும் கீழே இருந்தால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். பாயிண்ட் (திறக்கும்போது பொறியை உண்டாக்கும் கான்டாக்ட்) இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வைத்திருந்தால், வேகம் கூடும்போது டைமிங்கை முன்னே தள்ளும் அட்வான்ஸ் எடைகள் மூடிய நிலையில், பாயிண்ட் இந்த இடத்தில்தான் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்டுக்கு நடுவே மெல்லிய காகிதத் துண்டை வைத்து இழுத்தால் விடுபடும் கணம் தெரியும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்த பிந்தைய வண்டிகளில் இந்த வேலை இல்லை. டைமிங் தாமதமாக இருந்தால் சூடு முழுவதும் எக்ஸாஸ்ட் பக்கம் ஏறும், புது பிஸ்டன் பிடிப்பதற்கு இது ஒரு மறைமுகக் காரணம்.

ஹெட்டையும் பிளாக்கின் மேல்முகத்தையும் துடைத்து, பேக்கிங் வைத்து மூடுங்கள். நட்டுகளை மூன்று சுற்றாக, எதிரெதிராக இறுக்க வேண்டும்: முதலில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் இரண்டு, கடைசியில் உங்கள் மாடல் வருடத்துக்கான சர்வீஸ் புத்தகத்தில் உள்ள முழு டார்க். கை உணர்வை மட்டும் நம்பினால் அலுமினியத்தில் மரை போகும்.

டாப்பெட் இடைவெளி குளிர்ந்த நிலையில் பூஜ்யம். புஷ் ராடை இரண்டு விரலால் சுற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும், மேல்கீழாக ஆட்டம் தெரியக் கூடாது. அலுமினிய பிளாக் சூட்டில் இரும்பைவிட அதிகமாக உயரும், அதனால் ஓடும்போது கொஞ்சம் "டிக் டிக்" கூடுதலாகக் கேட்கும். அந்தச் சத்தத்தை அடக்க டாப்பெட்டை இறுக்கி வைத்தால் ஸ்டார்ட் செய்யும் வேளையில் வால்வ் முழுக்க மூடாது, கம்ப்ரஷன் வராது, எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகும். சத்தத்தோடு இருப்பது நல்லது.

முதல் ஸ்டார்ட், ரன்னிங் இன் (புது போரைப் பழக்கி ஓட்டுவது)

புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமல் முப்பது நாற்பது கிக். ராக்கர் ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டால் அங்கே ஆயில் கசிய வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் உடனே நிறுத்திப் பம்பைப் பாருங்கள். வந்தால் இறுக்கிவிடலாம். ஸ்டாண்டிலேயே அரைமணி நேரம் ஓடவிடும் பழைய வழக்கம் வேண்டாம். காற்று இல்லாத இடத்தில் இந்த இன்ஜின் வெறும் சூட்டில்தான் வேகும், சுமை இல்லாததால் ரிங்கும் படியாது. இரண்டு நிமிடம் ஓடி ஆயில் வருவதைப் பார்த்ததும் சாலைக்குப் போய்விட வேண்டும்.

முதல் நாள் பத்துக் கிலோமீட்டர், பிறகு முழுக்கக் குளிரவிட்டு இன்னொரு பத்து. 50 கி.மீ. ஆனதும், குளிர்ந்த நிலையில், ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் பார்த்து, டாப்பெட்டையும் சரிசெய்யுங்கள். பேக்கிங் அமுங்கியிருக்கும், டாப்பெட் கட்டாயம் மாறியிருக்கும். அதோடு ஆயிலையும் மாற்றிவிடுங்கள், வெளுத்த துகள் மின்னுவது தெரியும். 500 கி.மீ. வரை 45 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், ஆனால் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போகாமல், ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை முறுக்கி இன்ஜினைத் திணறவிடுவது வேகத்தைவிடக் கெடுதல். 500-இல் இன்னொரு ஆயில் மாற்றம், இன்னொரு டார்க். 1,500 வரை 60-ஐ ஒட்டி. இந்தக் காலம் முழுவதும் மினரல் ஆயில்தான். சிந்தெடிக் வழுவழுப்பில் ரிங் படியத் தாமதமாகும்.

போர் அளவு பெரிதாக மாறாததால் கார்ப்பரேட்டர் ஜெட் மாற்ற வேண்டியதில்லை. ஏர் ஃபில்டரையோ சைலன்சரையோ மாற்றியிருந்தால் மட்டும் பிளக்கைப் பார்த்து முடிவெடுங்கள். இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. உள்ள பிளக்கின் மூக்கு, 20 கி.மீ. ஓடி நிறுத்தியதும், செங்கல் பொடியும் காப்பித்தூளும் கலந்த நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. ரன்னிங் இன் முடியும்வரை கொஞ்சம் கருத்த பக்கமே இருக்கட்டும்.

ஓடும்போது இன்ஜின் திடீரென்று கனத்து, பிரேக் பிடித்ததுபோல் இழுத்தால் உடனே கிளட்ச்சைப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மூடி ஓரம் கட்டுங்கள். அரைமணி நேரம் ஆறியபிறகு கிக் சுலபமாக இறங்கினாலும் அப்படியே ஓட்டிக்கொண்டு போகாமல் பிளாக்கைத் திறந்து பிஸ்டனைப் பார்க்க வேண்டும். நான்கு மூலையிலும் தேய்த்த தடம் இருந்தால் இடைவெளி போதவில்லை, ஹோனிங்கில் 0.02 கூட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் ராட் வளைந்திருக்கிறதா, பிளாக் நேராகக் கடையப்பட்டதா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் என்றால் டைமிங்கையும் பெட்ரோல் கலவையையும் சந்தேகியுங்கள்.

பிளாக்கின் அடியில் ஆயில் கசிந்தால் பேக்கிங்கைக் குறைசொல்வதற்கு முன் பிரீதர் ரப்பரைப் பிழிந்து பாருங்கள். வாத்து மூக்கு மாதிரி உள்ள அந்தச் சின்ன ரப்பர் இறுகிப்போனால் கிராங்க் கேஸ் காற்று வெளியேற வழியின்றி ஒவ்வொரு இணைப்பிலும் ஆயிலைத் தள்ளும். விலை சொற்பம். புது பிளாக் போடும்போதே அதையும் மாற்றிவிடுவது எங்கள் வழக்கம்.